விநோதச் செய்திகளும் எங்கள் புகையிரதக் கடவைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் உலக விநோதச் செய்திப் பகுதியை இன்னும் பெரிதாக்குங்கள். எங்கள் பிள்ளைகள் பத்திரிகையில் முதலில் தேடுவது அதைத்தான். ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு செய்திக்கும் இடமும் ஆண்டும் போடுங்கள். 1957 ஏப்ரல் முதலாம் திகதி, முட்டாள்கள் தினத்தில், பிபிசி, சுவிற்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (கோதுமை மாவில் செய்யும் நூடில்ஸ் போன்ற உணவு) பறிப்பதாகக் காட்டியபோது, அதை வளர்ப்பது எப்படி என்று கேட்டவர்களும் உண்டு. திகதி தெரிந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

சிரிப்பு விளம்பரங்களையும் சேருங்கள். 2012இல் மெல்பேர்ண் புகையிரத நிறுவனம், முட்டாள்தனமாகச் சாகும் கார்ட்டூன் உருவங்களை ஒரு பாட்டில் ஆடவிட்டு, தண்டவாளத்தருகே கவனம் தேவை என்று சொன்னது. உலகமே அதைப் பாடியது. அடுத்த ஆண்டு பிரான்சின் கான் நகர விளம்பர விழாவில் உயர் விருதுகளையும் அள்ளியது.

வன்னிக்கு அது மிகவும் தேவை. 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2013இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் ஒரு தலைமுறையே புகையிரதம் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் உடனே தண்டவாளம். பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. "கவனம்" என்ற பலகையை யார் நின்று வாசிக்கிறார்கள்? பகிடியாகச் சொன்னால் பொடியன்கள் கட்டாயம் கேட்பார்கள், மனப்பாடமும் செய்வார்கள்.

கடவைப் பாதுகாப்புக்கான சிரிப்பு விளம்பரப் போட்டி ஒன்றை நீங்களே வன்னிப் பாடசாலைகளுக்கு நடத்தலாம். வெல்லும் படங்களை ஞாயிறு இதழில் போடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி