சனிக்கிழமை வகுப்பும் பாலே வகுப்பும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன தவணை முடிகிற நேரத்தில் ஒரு தாய் என் அறைக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "ரீச்சர், மகளை இனித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப ஏலாது" என்றார். விசாரித்தால், 9 வயது மகளுக்கு லண்டன் ரோயல் பாலே பள்ளியின் ஜூனியர் அசோசியேட் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனத்துக்குத் தெரிந்தெடுத்த சிறு பிள்ளைகளுக்கான பயிற்சி அது. அந்த வகுப்பு சனிக்கிழமை. நம்முடையதும் சனிக்கிழமை. இதைச் சொல்லவா இவ்வளவு பயந்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

இரண்டு வருடத்தில் இப்படிப் போகிற மூன்றாவது பிள்ளை அவள். முதல் இரண்டு பேரும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். காரணத்தை வாகனத் தரிப்பிடத்தில் வேறு பெற்றோர் கதைத்துத்தான் அறிந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பள்ளி விஷயம். பிள்ளையின் பெயரை வெட்ட வேண்டாம். வரும் தவணையிலிருந்து புதன்கிழமை மாலை 6.30க்கு ஸூமில் ஒரு மணி நேர வகுப்பு நடக்கும். நடனமோ, நீச்சலோ, சதுரங்கமோ, சனிக்கிழமை வர முடியாத எந்தப் பிள்ளையும் சேரலாம். ஆண்டுப் பரீட்சையை வேறொரு நாளில் எழுத வைப்போம். கட்டணம் பாதி.

இனிச் சொல்வதைத் தலைமையாசிரியர் சொல்வதாக எடுப்பதா, ஒரு தாய் சொல்வதாக எடுப்பதா என்பது உங்கள் விருப்பம். என் மகளும் பாலே ஆடியவள்.

நமக்கு நடனம் என்றால் மனதில் நிற்பது அரங்கேற்றம். நாம் நாள் குறிக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம், சேலை எடுக்கிறோம், நானூறு பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். காசும் பொறுமையும் இருந்தால் அது நடந்துவிடும். பாலேயைத் தொழிலாக எடுக்கும் பாதையில் நாள் குறிப்பது நாம் இல்லை. 8 வயதிலிருந்து இந்த அசோசியேட் வகுப்புகள். 11 வயதில் முழுநேரப் பள்ளி: ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் ரோயல் பாலே பள்ளியின் வைட் லொட்ஜ், பேர்மிங்காமில் எல்ம்ஹர்ஸ்ட், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ட்ரிங் பார்க், செஸ்டரில் ஹமண்ட். இடம் கிடைக்க ஒடிஷனில், அதாவது ஆடிக் காட்டும் தெரிவில், தேற வேண்டும். 16 வயதில் திரும்பவும் ஒடிஷன். அப்போது உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். தரப் பரீட்சையில் வாங்கிய டிஸ்டிங்ஷன் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டுக் கொண்டுபோய்ப் பயனில்லை. அவர்கள் பார்ப்பது பாதத்தை, இடுப்பு எவ்வளவு வெளியே திரும்புகிறது என்பதை, இசை காதில் விழுகிறதா என்பதை, ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த முறை பிள்ளை அதைச் செய்கிறதா என்பதை.

என் மகளுக்கு 11 வயதில் இடம் கிடைக்கவில்லை. கடிதத்தை அவளுக்கு முன் நான் பிரித்துப் படித்துவிட்டு, குசினியில் நின்று அழுதேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இண்டைக்குப் புட்டா?" என்று கேட்டாள். அவளை உண்மையாக நோகடித்தது வேறு. ஒடிஷனுக்குப் போகிறாள் என்று கோயிலில் கண்ட எல்லோரிடமும் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது ஒரு அன்ரி, "என்ன பிள்ளை, முடிவு வந்திட்டுதோ?" என்று கேட்பார். அவள்தான் நின்று பதில் சொன்னாள். தயவுசெய்து ஊருக்குச் சொல்லாதீர்கள். பிள்ளை சொல்லட்டும், விரும்பினால். 16 வயதில் அவள் வேறொரு பள்ளிக்குள் போனாள் என்பது தனிக்கதை.

உலகப் புகழ் பெற்ற ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவையும் முதல் தடவை பீட்டர்ஸ்பேர்க் பள்ளியில் எடுக்கவில்லை. வயதும் காணாது, உடம்பிலும் பலமில்லை என்றார்கள். 1891இல், 10 வயதில்தான் சேர்த்தார்கள். அவர் பிற்காலத்தில் வாழ்ந்த ஐவி ஹவுஸ் நமக்குப் பக்கத்தில், கோல்டர்ஸ் கிரீனில்தான் இருக்கிறது. "நமக்கு எதுக்கு வெள்ளைக்காரன்ர ஆட்டம்" என்று கேட்கும் அம்மம்மாக்களுக்கு ஒரு செய்தி: பின்னால் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே படித்தவர். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாதான். பரதம் படித்த பிள்ளைகளுக்கு அரைமண்டியால், இடுப்பிலிருந்து காலை வெளியே திருப்புவது ஓரளவு பழகியிருக்கும். தட்டடவு பழகிய கால் சத்தமில்லாமல் தரையிறங்கத்தான் கொஞ்ச நாள் எடுக்கும்.

விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பொயின்ட் சப்பாத்துக்கு அவசரப்படாதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு வகுப்பில் என் மகளுக்கு 9 வயதிலேயே அதைப் போட்டுவிட்டார்கள். நானும் பெருமையாக வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. பல வருடப் பயிற்சியும், பாதத்திலும் இடுப்பிலும் பலமும் வந்த பிறகுதான் போட வேண்டும். பொதுவாக 11, 12 வயதுக்கு முன் இல்லை. சப்பாத்தின் நுனிக்குள் இருப்பது கட்டையோ இரும்போ இல்லை, துணியும் கடதாசியும் பசையும்தான். வியர்வையில் ஊறி நைந்துவிடும். ரிப்பனை வீட்டில்தான் தைக்க வேண்டும். தையல் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பல்லிடுக்கைத் துப்பரவாக்கும் டென்டல் ஃபுளோஸால் தையுங்கள், அது அறாது. அப்புறம் நிறம். சப்பாத்து என்றால் வெளிறிய ரோசா நிறம்தான் என்று இருந்த காலத்தில், கறுப்பு நடனக்காரர்கள் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைச் சப்பாத்திலும் பூசிக்கொண்டார்கள். 2018இல் சப்பாத்து செய்யும் ஃபிரீட் நிறுவனம், கறுப்பு, ஆசிய நடனக்காரர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் செய்யத் தொடங்கியது. நம் பிள்ளைகளின் கால் நிறத்துக்கும் இப்போது கேட்டு வாங்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பிள்ளையின் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. "மெலிஞ்சு போனாய்" என்பதும் அதில் சேரும். சோறு கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு மாவுச்சத்து வேண்டும். இடியப்பமும் சொதியும் முட்டையும் நல்ல சாப்பாடு. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு அது மூன்று மாதம் வராமல் நின்றால், "ஆடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று விடாமல் குடும்ப வைத்தியரான ஜீபியிடம் கூட்டிப் போங்கள். சாப்பாடு காணாமல் போனால் எலும்பும் பலம் இழக்கும். நம் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது. வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுப்பதை யோசிக்கும்படி அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸே சொல்கிறது. விடுதிப் பள்ளி பார்க்கப் போகும்போது, பிள்ளைகளை நிறுக்கிறீர்களா, முறைப்பாடு இருந்தால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். கேட்டால் முகம் கறுக்கிற இடம் என்றால் யோசியுங்கள்.

காசு இல்லை என்று ஒடிஷனுக்கே போகாமல் விடாதீர்கள். நான் சொன்ன நான்கு பள்ளிகளுக்கும் அரசின் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். வருமானம் மிகக் குறைவென்றால் ஒன்றும் கட்டாமலே படிக்கலாம். இடங்கள் கொஞ்சம்தான். படிப்பு நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம், அங்கேயும் 16 வயதுப் பொதுப் பரீட்சையான ஜிசிஎஸ்ஈ எழுதத்தான் வேண்டும்.

மகன் ஆட ஆசைப்படுகிறான், என்ன செய்வது என்று தகப்பன் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பெயர்பெற்ற பாலே நடனக்காரர் கார்லோஸ் அகோஸ்டாவைக் கியூபாவின் ஹவானாவில் பாலே பள்ளியில் சேர்த்ததே லொறி ஓட்டிய அவருடைய தகப்பன்தான் என்றேன். 2020இலிருந்து பேர்மிங்காம் ரோயல் பாலே குழுவை நடத்துகிறவர் அகோஸ்டா. சேர்த்துவிடுங்கள்.

மற்றப்படி உங்கள் வேலை மூன்றுதான்: காரோட்டுவது, சாப்பாடு கட்டுவது, காருக்குள் இரண்டாவது ரீச்சராக மாறாமல் இருப்பது. திருத்தம் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். வரும் வழியில் பிள்ளை நித்திரை கொள்ளட்டும்.

புதன் வகுப்புக்கான படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. ஒடிஷன் நாளில் விடுப்புக் கடிதம் தேவையில்லை. முதல் நாள் இரவு வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி போட்டால் போதும். முடிவு என்னவென்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்