மீனா, ஞாயிற்றுக்கிழமை பையோடு வா

அன்புள்ள மீனா கண்ணுக்கு,

சித்தி எழுதுகிறேன். போன வாரம் உன் வீட்டில் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு கட்டு கொத்தமல்லி பைக்குள்ளேயே கறுத்துக் கூழாகிக் கிடந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போனில் வந்ததாகச் சொன்னாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் அப்போது பேசவில்லை. புதுக்குடித்தனம் நடத்தும் மற்ற பிள்ளைகளுக்கும் ஆகும் என்று, உன் பேரை மட்டும் மாற்றி, எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

கல்யாணமான வருஷம் நானும் இதைச் செய்தேன். நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்த விலைக்குக் கிடைக்கிறதே என்று பத்து கிலோ துவரம் பருப்பு வாங்கிவிட்டேன். வீட்டில் இரண்டே பேர். மழைக்காலம் முடிவதற்குள் வண்டு விழுந்துவிட்டது. முறத்தில் புடைத்துப் புடைத்துப் பாதியைக் கொட்டினேன். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்குனியில் அதே பஜாருக்குக் கூட்டிப்போய்ப் புதுப்புளி வாங்க வைத்தார். வெயிலில் காயவைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்தோம். அடுத்த பங்குனி வரை வந்தது. வருஷத்துக்கு வாங்குவது எது, மாதத்துக்கு எது, அன்றன்றைக்கு எது என்று அப்போதுதான் புரிந்தது. கொத்தமல்லி அன்றன்றைக்கு வாங்குவது. ரசத்துக்கு ஒரு கைப்பிடி போதும்.

அப்புறம் அந்த மாம்பழம். படத்தில் பார்த்த மாதிரியே மஞ்சளாக வந்தது, அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகப் புளித்தது என்றாய். சேலத்தில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து மாம்பழம் வாங்கலாமா? மல்கோவா நன்றாகப் பழுத்தாலும் தோலில் பச்சை இருக்கும். இமாம் பசந்தும் அப்படித்தான். காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பார், வாசனை வர வேண்டும். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருந்தால் எடுக்காதே. கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். கார்பைடு கல்லுக்குத் தடை இருந்தும் சிலர் விடுவதில்லை. முற்றின காயாக வாங்கி வைக்கோலில் அடுக்கு, இல்லாவிட்டால் அரிசி டிரம்மில் புதைத்து வை. சில நாளில் வாசனையே உன்னைக் கூப்பிடும்.

காய்க்கு சூரமங்கலம் உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள், அப்புறம் நம் ஊருக்கும் வந்தது. விளைவித்தவரே விற்கிறார். அன்றைய விலை பலகையில் இருக்கும், பேரமே வேண்டாம். கத்தரிக்காயின் காம்பு பச்சையாக, முள் விரலில் குத்தினால் புதுசு. வெண்டைக்காய் நுனியை மட்டும் ஒடிக்காதே, கண்ணு. ஒடித்த காயை அடுத்தவர் தொட மாட்டார். விடிவதற்கு முன்பே பறித்துப் பஸ் ஏறி வந்த அம்மாவுக்குத்தான் அந்த நஷ்டம். லேசாக வளைத்தாலே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடும்.

நீ வேலைக்குப் போகிறவள். சோப்பு, பேஸ்ட் எல்லாம் போனிலேயே வாங்கிக்கொள், சரி. காயும் பழமும் உன் கையால் எடு.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சந்தை வாசலில் நிற்கிறேன். துணிப்பை இரண்டு, கொஞ்சம் சில்லறை எடுத்து வா. கிளம்பும் முன் ஃப்ரிட்ஜில் என்ன மிச்சம் என்று ஒரு தடவை பார்த்துவிடு.

அன்புடன்,
சித்தி