ஆறு மணி நேரம் எனக்கு மூச்சு கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

காலையிலிருந்தே வயிறு வலித்தது. சொந்தக்காரர் கல்யாணம் என்பதால் பேசாமல் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை ஒரு கை பார்த்துவிட்டேன். இரவுக்குள் குடல்வாலை எடுத்தே ஆகவேண்டிய நிலை. வண்டி ஓட்டிய மச்சானுக்கும், கல்யாண வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த சித்தப்பாவுக்கும் முதல் நன்றி.

மற்றதெல்லாம் மயக்க மருத்துவர் அம்மாவுக்கு. வயிறு நிறைந்திருந்ததால், சாப்பிட்டது நுரையீரலுக்குள் போகுமுன் சட்டென்று தொண்டையில் குழாய் போட ஸ்கோலின் ஊசி போட்டீர்கள். தசைகளைத் தளர்த்தும் அந்த மருந்தை ரத்தத்தில் உள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். பத்து நிமிடத்தில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுமாம். எனக்கு அந்த நொதியில் பிறவிக் குறை. அது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

"கண்ணைத் திறங்க" என்ற குரல் கேட்டது. இமைகூட நகரவில்லை. மூச்சை இழுக்கப் பார்த்தேன், நெஞ்சு கேட்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறேனா என்றே சந்தேகம். என் கண்ணோரம் வழிந்த நீரையும் எகிறிய நாடித்துடிப்பையும் பார்த்தது நீங்கள்தான். கையில் கருவி வைத்து மின்துடிப்பு கொடுத்தும் விரல் அசையாததைக் கண்டு, என் காதருகே குனிந்து, "சார், நீங்க முழிச்சிருக்கீங்கன்னு தெரியுது. மருந்து இன்னும் விடலை. மூச்சை நாங்க பாத்துக்கறோம், மறுபடி தூங்க வைக்கிறேன்" என்றீர்கள். அந்த நாலு வாக்கியத்துக்கு என்ன கொடுப்பது?

இதை முறிக்க மாற்று ஊசி எதையும் அவசரப்பட்டுப் போடாமல், வென்டிலேட்டரில் வைத்து, மருந்து தானாக விடும்வரை ஆறு மணி நேரம் காத்திருந்தீர்கள். நான் தூங்கும்போதும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே சளி உறிஞ்சிய ஐசியூ நர்ஸ் தங்கைக்கும் நன்றி. (என் மனைவி சொல்லித்தான் தெரியும்.)

அப்புறம், லேபில் நடந்த கூத்து. நொதி அளவைப் பார்க்கும் டெஸ்ட், பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எடுக்கிற அதே டெஸ்ட். சீட்டைப் பார்த்த அத்தை, நான் எதையோ குடித்துவிட்டேன் என்று வராண்டாவிலேயே அழ ஆரம்பித்துவிட்டாராம். அவரை உட்காரவைத்து விளக்கிய லேப் தம்பிக்கும் நன்றி.

அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர்ந்தால் இப்படி ஆகுமாம். எங்கள் ஆரிய வைசியர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகம் என்று நீங்கள் சொன்னபோது திக்கென்றது. என் பெற்றோர் அத்தை மகள், மாமன் மகன். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"ஸ்கோலின் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதித் தந்த அட்டை என் பர்ஸில் இருக்கிறது. நீங்கள் வற்புறுத்தியதால் தம்பிக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், அவனுக்கும் குறைவு. அடுத்த மாதம் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவன் அட்டை இப்போதே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.