ஓர் எண்ணெய் டப்பாவுக்கு நன்றி

எங்கள் பேரூராட்சியின் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும், குப்பை பிரிக்கும் கூடத்திலிருந்து வணக்கம்.

குப்பை பிரிக்கும்போது, யாரோ போட்ட ஊசி விரலில் குத்திய எங்கள் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது; ஒரு குறையும் இல்லை. என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு முதல் கும்பிடு. "விரலைப் பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க, ஸ்பிரிட் ஊத்தாதீங்க" என்று தடுத்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தவர் அவர். பிதுக்கினால் கெட்ட ரத்தம் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதனால் தொற்று வெளியேறுவதில்லை, சதை நசுங்கி காயம்தான் பெரிதாகும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, தொடங்கினால் 28 நாளும் ஒரு வேளை விடாமல் விழுங்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். இப்போது கூடத்தில் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி தொடங்கியிருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றையும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் கிழக்குத் தெரு ஆச்சி.

அன்று குத்தியது யார் வீட்டு ஊசி என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. அந்த வாரத்திலேயே ஆச்சி வீட்டு வாசலில், நீலக் கூடைக்குப் பக்கத்தில், தனியாக ஒரு டப்பா இருந்தது. நல்லெண்ணெய் வாங்கிய கெட்டி பிளாஸ்டிக் டப்பா, வாய் அகன்றது, திருகு மூடி போட்டது. மூடியைச் சுற்றித் துணிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தார்: "உள்ளே ஊசி இருக்கு தாயி. தொறந்துராத."

யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுக்கவில்லை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒரு வயதான அம்மா, தன் ஊசி அடுத்து யார் கைக்குப் போகும் என்று தானாகவே யோசித்திருக்கிறார். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊசியை யாரும் கெட்ட எண்ணத்தோடு போடுவதில்லை. செய்தித்தாளில் சுற்றி, அதைப் பால் கவருக்குள் திணித்து, முடிச்சுப் போட்டுத்தான் போடுகிறார்கள். கண்ணில் படக்கூடாது என்ற கூச்சம் ஒன்று, மறைத்துவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கை இன்னொன்று. அந்தப் பொட்டலம் சாக்கில் மிதிபட்டு, வண்டியில் அழுந்தி, கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஊசி காகிதத்தைத் துளைத்து வெளியே வந்துவிடும். இங்கே சாக்கை மேசையில் கொட்டிக் கையால்தான் பரப்புகிறோம். பால் கவர் தனியாக விலை போகிற சரக்கு என்பதால் முடிச்சை அவிழ்க்கத்தான் செய்வோம். ரப்பர் கையுறை கண்ணாடிக் கீறலை ஓரளவு தாங்கும், ஊசி முனையைத் தாங்காது. தடித்த கையுறை போட்டாலும் நேராகக் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். எனவே மறைத்துப் போட்ட ஊசிதான் எங்களுக்கு மிக ஆபத்தானது. தனியாக, கெட்டி டப்பாவில், கண்ணுக்குத் தெரியும்படி "ஊசி" என்று எழுதி வைத்தால் ஆபத்து மிகக் குறைவு.

ஆச்சி எடுத்த டப்பாவும் மிகச் சரியான டப்பா. தண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தினால் ஊசி வெளியே எட்டிப் பார்க்கும். கண்ணாடிப் பாட்டில் வண்டியில் உடைந்துவிடும். சின்ன வாய் பாட்டிலில் சிரிஞ்சின் விரல் பிடிக்கும் காது இடிக்கும். உள்ளே தள்ளும்போதுதான் குத்தும். எண்ணெய் டப்பா, தரை கழுவும் திரவம் வந்த பாட்டில், சலவைத் திரவம் வந்த கேன் எல்லாம் ஏற்றவை, வாய் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஊசி போட்டுக்கொள்ளும் இடத்திலேயே டப்பாவை வைத்திருங்கள். சிரிஞ்சில் போடுகிறவர்கள் மூடியைத் திரும்ப மாட்டாமல், ஊசி கீழ் நோக்கி இருக்க, போட்ட கையோடு நேராக உள்ளே விட்டுவிடுங்கள். மூடியை மாட்டப் போகும்போதுதான் வீட்டிலேயே பலருக்கும் விரலில் குத்துகிறது. இன்சுலின் பேனா என்றால் மட்டும், பெரிய வெளிமூடியை மாட்டித் திருகி ஊசியைக் கழற்றி, மூடியோடு போடுங்கள். சின்ன உள்மூடியைத் திரும்ப மாட்ட வேண்டாம். முக்கால் அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுக்க நிரப்பினால் கடைசி ஊசியை அமுக்க வேண்டிவரும். மூடியை இறுக்கி, பிளாஸ்திரி சுற்றி, "ஊசி" என்று எழுதி, குப்பைக் கூடைக்குள் போடாமல் வண்டிக்காரர் கையில் கொடுங்கள். சர்க்கரை பார்க்கக் குத்தும் சின்ன லான்செட்டும் இதே டப்பாவுக்குத்தான்.

ஆச்சியின் டப்பா தெருத்தெருவாகப் பரவியதற்கு இரண்டு பேர் காரணம். பஜார் மருந்துக்கடை அண்ணன், இன்சுலின் வாங்க வருகிறவர்களிடம் "டப்பா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, இல்லாதவர்களுக்குக் காலி டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் தங்கை, போகிற வீடெல்லாம் செய்து காட்டுகிறார். எந்த வீட்டில் ஊசி இருக்கிறது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது குப்பைக்கும் இது உதவும் என்று யார் நினைத்தார்கள்! நிறைந்த டப்பாக்களைச் சுகாதார நிலையத்து மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்ப மருத்துவர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். நாங்கள் அவற்றைத் திறப்பதே இல்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. பழைய டியூப்லைட்டுக்காக நாலடி அட்டைக் கூடுகளைச் சேர்த்துத் தருகிற எலக்ட்ரிக்கல் கடைக்காரருக்கு: கூட்டுக்குள் போட்டுப் படுக்கவைத்தால் டியூப் உடைவதில்லை, உள்ளே இருக்கும் சில மில்லிகிராம் பாதரசமும் வெளியே வருவதில்லை. (வீட்டில் உடைந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் வெளியே இருங்கள். விளக்குமாறு போடாதீர்கள், அது தூளைக் காற்றில் கிளப்பும். கெட்டி அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.) செல்போன் கடைத் தம்பிக்கு: ஒவ்வொரு பழைய பேட்டரியின் முனையிலும் டேப் ஒட்டித்தான் தருகிறார். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கும், அட்டைக் குவியலில் விழுந்தால் கூடமே போய்விடும். உப்பிய பேட்டரியை மட்டும் அவர் மணல் போட்ட தகர டப்பாவில் தனியாகத் தருகிறார். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உரக்கடைக்காரருக்கு: பூச்சிமருந்து பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்று, இப்படி மூன்று முறை செய் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கழுவிய பாட்டிலின் அடியில் துளை போட்டால், யாரும் அதை எடுத்து மண்ணெண்ணெயோ குடிதண்ணீரோ பிடிக்க மாட்டார்கள். மிச்ச பெயிண்டைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியை இறுக்கித் தருகிற பெயிண்டர்களுக்கும், காலாவதி மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

டியூப், பேட்டரி, பெயிண்ட் போன்ற அபாயக் குப்பையைச் சேர்த்து வைக்கப் பூட்டுப் போட்ட தனி அறையை ஒதுக்கிக் கொடுத்த செயல் அலுவலருக்கும் நன்றி. 2016 திடக்கழிவு விதிகள் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வீட்டு அபாயக் கழிவு மையம் வேண்டும் என்றன. ஊர்ப்புறத்தில் பெரிய சிக்கல் அளவுதான். ஒரு மூட்டை பேட்டரிக்கும் பத்து டியூபுக்கும் தூரத்திலிருந்து லாரி வராது. ஒரு லோடு சேரும்வரை மழை படாமல், வெயில் ஏறாமல், ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்க இடம் வேண்டும். இப்போது சிமெண்ட் தரை, சிந்தினால் வெளியே ஓடாதபடி வாசலில் ஒரு திண்டு, எதிரெதிரே காற்றுவாரி, பக்கத்தில் மணல் வாளி எல்லாம் இருக்கின்றன. தின்னரும் பெயிண்டும் ஒரு மூலையில், பேட்டரி எதிர் மூலையில்.

எங்கள் பக்கம் ஓர் உறுதி. ஊசி டப்பாவை நீட்டுகிற யாரையும் முகம் சுளித்துப் பார்க்க மாட்டோம், எந்த நோய்க்கு என்று கேட்க மாட்டோம், எவ்வளவு சின்ன டப்பாவானாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அதை மற்றக் குப்பையோடு சாக்கில் போடாமல், வண்டியின் முன்பக்கச் சிவப்பு வாளியில் நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுபோவோம். புதிதாக வேலைக்குச் சேரும் தங்கைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

சிவப்பு வாளி தினமும் வண்டியோடு வரும். டியூப், பேட்டரி, பெயிண்ட், பூச்சிமருந்து பாட்டில்கள் சனிக்கிழமை மட்டும். காலி டப்பா வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கேளுங்கள், காசு கிடையாது.

குப்பை பிரிக்கும் கூடத்துத் தூய்மைப் பணியாளர்கள்