ஆறாவது கிளாஸ்

மக்ளே,

நீ அனுப்பின பாட்டைக் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். ஆறு வாரமா போன் இல்லை, ஒரு வரி மெசேஜ் இல்லை, திடீர்னு செவ்வாய்க்கிழமை ராத்திரி அயர்லாந்து மணிக்கு 2.45-க்கு பேயும் பீருமா ஒரு பாட்டு, அங்கத்து பப்புக்குள்ள பேய் வர்ற குடிப்பாட்டு. சரி, பாட்டாவது வந்துச்சே. "எப்படி இருக்கு, உள்ளதைச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்க. சொல்றேன். வேலை விஷயத்தை நீயா சொல்லும்போது கேட்டுக்கிறேன்.

முதல் குறை, பேய் அதிகம். பான்ஷீ, பூக்கா, தலையில்லாத குதிரைக்காரன், சங்கிலி இழுக்கிறவன் எல்லாரும் ஒரே பாட்டில் வந்தா அது பாட்டு இல்ல, ஊர்வலம். அங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. பான்ஷீ குடிக்க வரமாட்டா. பேருக்கு முன்னால ஓ, மக் போட்ட பழைய குடும்பங்களுக்குச் சாவு வரப்போகுதுன்னு அழுது சொல்றதோட அவ வேலை முடிஞ்சுது. வழியில கிடக்கிற சீப்பை எடுக்காதேன்னு சொல்றதே அவ சீப்பா இருந்திரும்ங்கிற பயத்தில்தான். பூக்கா ராத்திரி நடந்து போறவனை முதுகில் ஏத்திக்கிட்டு காடு மேடெல்லாம் ஓடும், உள்ளே வந்து உக்காராது. கடைக்குள்ள வர உரிமை உள்ளது ஒரே ஆள், செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரன். அவனை மட்டும் வை. விஸ்கி சிந்தி பிணம் எழும்புற பாட்டு அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கு, அந்தப் பக்கமே போகாதே.

அவன் ஏன் வாறான்? உன் பாட்டில் அதுக்குப் பதில் இல்லை. "பயமுறுத்த"ன்னா யாரும் கிளாஸைத் தூக்க மாட்டாங்க. குடிப்பாட்டுக்கு ஒரு கடன் வேணும். அங்க ரவுண்டைவிடப் பெரிய கடன் என்ன இருக்கு? ஒரு ஆள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கிறது ஒரு ரவுண்டு. ஆறு பேர் உக்காந்தா ஆறு ரவுண்டு, ஆளுக்கு ஒண்ணு. தன் ரவுண்டு வாங்காம எழும்பிப் போனவனை மூணு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவாங்க. உன் ஆள் அஞ்சு ரவுண்டு குடிச்சுட்டு ஆறாவதை வாங்குறதுக்குள்ள செத்துட்டான், அவ்வளவுதான். அதை வாங்க வாறான். புதுசா வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு விவரம் தெரியாது, தலையை எண்ணி ஆறு கிளாஸ் ஊத்திடறான். அங்க ஆரம்பி.

ராத்திரி எதுன்னு நீ அக்டோபர் 31 போட்டிருக்க. அது இப்ப ஹாலோவீன், முகமூடிக்காரங்க ராத்திரி. நவம்பர் 2 வை. நம்ம கல்லறைத் திருநாள்தான் அவங்களுக்கும். அன்னிக்கு ராத்திரி கதவைத் தாழ் போடாம, கரித்தீயை அணைக்காம, அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலியை ஒழிச்சுப் போட்டுட்டுப் படுக்கப் போவாங்க, வீட்டுச் செத்தவங்க வந்து உக்கார. அந்த நாற்காலியைத் தூக்கிக் கடைக்குள்ள போடு, பாதி வேலை முடிஞ்சுது. (இங்க அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு. மெழுகுதிரி நீ வழக்கமா சொல்ற நீளம்தான்.)

இன்னொரு தப்பு. உன் பாட்டில் மணி ரெண்டு அடிக்குது, அப்புறமும் கடைக்காரன் ஊத்துறான். அங்க கடை மூடுறது திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரி 11.30, வெள்ளி சனி 12.30, ஞாயிறு 11, அதுக்கு மேல குடிச்சு முடிக்க அரை மணி. இதை உனக்கு நான் சொல்லணுமா? கதவைப் பூட்டிட்டு உள்ளே ஊத்துற லாக்-இன்னா அதைப் பாட்டிலேயே சொல்லிடு, பேய்க்கு அதுவும் நல்லதுதான், பூட்டின கதவைத் தாண்டி வந்த மாதிரி ஆகும். நீ பாடினதுக்குப் பின்னால ஒரு கிளாஸ் மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டுது. எந்தக் கடையும் திறந்திருக்கிற நேரம் இல்லை அது. உன் சமையலறைன்னு நினைக்கிறேன். சமையலறைக்கு மூடுற நேரம் கிடையாது.

இப்ப மெட்டு. நீ எடுத்த மெட்டு நல்லா இருக்கு, அதைச் சொல்லாம விடமாட்டேன். காந்தாரம், தைவதம் ரெண்டு ஸ்வரத்தையும் விட்டுட்டுப் பாடியிருக்க, தெரிஞ்சு செஞ்சியா? அங்கத்துக்காரங்க பழைய மெட்டில் நிறைய இப்படி இடைவெளி இருக்கும், காந்தாரம் இல்லாததால சந்தோஷமா துக்கமான்னு காதுக்குத் தீர்மானம் வராது. நமக்கு அது மத்தியமாவதி, கச்சேரியை மங்களமா முடிக்கிற ராகம். பேய்ப்பாட்டுக்கு இதைவிட என்ன வேணும்? மாலோ ஊர் குடிகாரப் பசங்க மேல உள்ள "ரேக்ஸ் ஆஃப் மாலோ" மெட்டைத்தான் தீட்சிதர் "வந்தே மீனாக்ஷி"க்கு எடுத்தார். ஒன்பது வயசுல நீ டின் விசில் குழலில் அதை வாசிச்சப்ப அங்க என்னிஸ் ஊர் கோயில் ஹாலில் ஒரு கிழவர் எழும்பி நின்னார், ஞாபகம் இருக்கா? அந்த மூச்சு உனக்கு இன்னும் இருக்கு. அதைக் கெடுத்துக்காதே.

நாலு வரியில் முதலும் கடைசியும் ஒரே மெட்டு, நடுவில் ரெண்டு வரி மேலே ஏறணும். நீ சரியாத்தான் போட்டிருக்க. ஆனா மூணாவது வரியில் தொண்டை உடையுது. எடுத்த சுருதி மேலே. எல்லாரும் செய்ற தப்புதான். பாட்டோட உச்ச ஸ்வரத்தை முதல்ல வாய்க்குள்ள முனகிப் பாத்து, அது லேசா வந்தா அங்கிருந்து கீழே இறங்கி ஆரம்பி. கோரஸ் ஒரு ஸ்தாயியைத் தாண்டக் கூடாது, அதைப் பாடப்போறது பாடகன் இல்லை. ஆறெட்டுத் தாளம், நம்ம திஸ்ரம் போல தகிட தகிட. ஜிக் ஆடுற வேகத்தில் போகாதே, வார்த்தை நசுங்கிடும். நிமிஷத்துக்கு 72, நல்ல நாடி மாதிரி. வரிக்கு நாலு அடி. ஆறு சரணம், ஒவ்வொண்ணுக்கும் கோரஸ், எண்ணிப் பாத்தா ரெண்டே முக்கால் நிமிஷம்கிட்ட வரும். அதுக்கு மேல போனா ஆள் கிளாஸைப் பாக்க ஆரம்பிச்சிருவான்.

எதுகை விஷயத்தில் நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடக் கவிதை மாதிரி வரி முடிவில் மட்டும் கட்டுற. அங்க அந்தக் காலத்தில் ஒளிஞ்சு நடந்த வேலியோரப் பள்ளிக்கூட வாத்தியார்கள் எழுதின பாட்டைக் கவனி. ஐரிஷ் பாட்டுப் பழக்கத்தில் வரிக்கு நடுவில் உயிரெழுத்தை உயிரெழுத்தோட உரச விடுவாங்க. மெய் பொருந்தணும்னு இல்லை, ஆ-வுக்கு ஆ, ஓ-வுக்கு ஓ போதும். நான் தமிழில் சும்மா போட்டுப் பாத்தேன், நீ உன் பாஷையில் செய்:

ஊத்து ஊத்து ஒண்ணு கூட ஊத்து
உக்காந்திருக்கான் உனக்குத் தெரியாத ஆளு
பாத்து பாத்து காசை எண்ணிப் பாத்து
பாக்கி வச்சுப் போனவனோட நாளு

சிரிக்காதே. நாக்கில் எளிதா உருளுதான்னு பாரு. உன் ரெண்டாவது சரணம் நாலாவது வரியில் உனக்கே நாக்கு புரளுது, ஸ், ட், ர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சிருக்க. வார்த்தையோட குத்தம்னுதான் எடுத்துக்கிட்டேன்.

மூணாவது சரணத்தில் பேயைக் காட்டணும். "குளிர்ந்த காத்து" "மங்கின விளக்கு" ரெண்டையும் எடுத்துடு. ஸ்டவுட்ங்கிற கறுப்பு பீர் குடிக்கிறவன் ஒவ்வொரு மடக்கு குடிச்சு வைக்கும்போதும் கிளாஸ் உள்பக்கம் நுரை ஒரு வளையமா ஒட்டி நிக்கும். ஏழு மடக்குன்னா ஏழு வளையம். கிளாஸைப் பாத்தே ஆள் எப்படிக் குடிச்சான்னு சொல்லலாம். ஆறாவது கிளாஸ் காலி ஆகுது, உள்ளே ஒரு வளையம் கூட இல்லை, கழுவி வச்ச மாதிரி இருக்கு. இதை அந்தப் புதுப்பையன் கண்ணால பாக்கட்டும். வேற எதுவும் சொல்ல வேண்டாம், அறை தானா அமைதியாகும்.

அப்புறம் காசு. காலையில கல்லாவில் கலைமான் போட்ட பழைய பவுண்டு நாணயம் கிடக்குது. 2002-ல யூரோ வந்த பிறகு கடையில் யார் அதை வாங்குவா? அவன் கடன் தீர்ந்துது, இனி வரமாட்டான். இங்கதான் குடிப்பாட்டு திரும்பணும். மத்த அஞ்சு பேரும் அந்தக் காசை ஒளிச்சு வச்சுட்டு, "நீ இன்னும் வாங்கலைப்பா"ன்னு அடுத்த வருஷமும் அவனை உக்கார வைக்கிறாங்க. பாடினவன்தான் கடைசியில் பேய்ங்கிற முடிவை விட்டுடு, அது ஆயிரம் பேர் செஞ்சது.

கடைசிக் குறை. அவன் எப்படிச் செத்தான்னு உன் பாட்டில் எங்கயும் இல்லை. இது பெரிய குறை, கேட்டியா. பழைய பாட்டு எதை எடுத்தாலும் ஒரே வரியில், வர்ணனை இல்லாம சொல்லிடும். முங்கினான், வண்டியிலிருந்து விழுந்தான், காய்ச்சல். அந்த வரி இல்லைன்னா கேக்கிறவன் கடைசி வரைக்கும் அதையே தேடிக்கிட்டு இருப்பான், பாட்டில் மனசு நிக்காது. சொல்லிடணும். ஒரு வரிதான்.

இதை எழுதிட்டுப் பேனாவைக் கீழே வச்சுட்டேன். இது ரெண்டு நாள் கழிச்சு எழுதுறது.

அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு உனக்குச் சொன்னேன். உனக்குப் பதினாலு வயசு. சவப்பெட்டி ஊருக்கு வந்தப்ப மாமாவுக்கும் அதையேதான் சொன்னேன். நெஞ்சுவலி இல்லை மக்ளே. ஈரல். ஈஸ்டருக்கு முன்னாலேயே கண்ணு மஞ்சளாயிட்டுது. சாயங்காலம் பல்பு வெளிச்சத்தில் பாத்துட்டு, பல்போட குத்தம்னு சொல்லிக்கிட்டேன். வார்டில் ஒரு அந்நியன் அப்படி வந்திருந்தா அஞ்சு நிமிஷத்தில் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். வயிறு வீங்கினப்ப பேன்ட்டைத் தச்சுப் பெருசாக்கிக் கொடுத்தேன். சிங்க்குக்குக் கீழே பாட்டில் இருந்ததும் தெரியும், எத்தனைன்னும் தெரியும். கேட்டா சண்டை வரும், நீ பரீட்சைக்குப் படிக்கிறன்னு பேசாம இருந்தேன். கடைசியில் அந்த ரத்தம் எங்கிருந்து வந்துதுன்னும் நர்ஸான எனக்குத் தெரியும். உன்கிட்ட ஒரு வரி சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷம் ஆச்சு.

இதுக்கு மேல இதைப் பத்தி எழுதத் தெரியலை. ஈரல் எப்படி இருக்குன்னு பாக்க எல்.எஃப்.டி.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, உன் டாக்டர்கிட்ட கேட்டா ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. எடுத்துட்டு ரிப்போர்ட்டை எனக்குப் படம் பிடிச்சு அனுப்பு. அதில் ஏஎல்டி, ஜிஜிடின்னு போட்டிருக்கிற ரெண்டு வரியும் தெளிவா தெரியணும்.

பாட்டுக்கு வாறேன். கடைசி வரியைப் பாடாதே. அங்கத்துப் பழைய பாடகர்கள் கடைசி ரெண்டு மூணு வார்த்தையை மெட்டை விட்டுட்டுச் சாதாரணமா பேசிட்டு உக்காருவாங்க. பாட்டு முடிஞ்சுதுன்னு அதிலிருந்துதான் தெரியும். "நீ இன்னும் வாங்கலைப்பா"வை அப்படிச் சொல்லு. பக்கத்தில் இருக்கிறவன்கிட்ட சொல்ற மாதிரி. ஓங்கிச் சொல்லாதே.

மூணாவது சரணத்தை மாத்தினதும் பாடி அனுப்பு. ராத்திரி வேண்டாம். காலையில எழும்பினதும், காப்பி குடிக்கிறதுக்கு முன்னால பாடி அனுப்பு.

அம்மா