எந்த நாட்டில் இருந்து வந்தீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பெறாமகன் மொசாம்பிக்கில் மூன்று மாதக் கட்டட வேலை முடித்து வவுனியாவுக்கு வந்து பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தான். தலையிடி, உடம்பு உளைவு, சத்தி. ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் டெங்கு பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்தும் அதே பரிசோதனை, அதே பனடோல். வெளிநாட்டில் இருந்து வந்ததை அவன் சொல்லித்தான் இருக்கிறான். ஆனால் நம் ஊரில் வெளிநாடு என்றால் கட்டார், துபாய், இல்லாவிட்டால் கனடா. எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் அயலில் இருக்கும் ஐயா ஒருவர். ஒருகாலத்தில் வீடு வீடாக மலேரியா மருந்து அடித்தவர். மொசாம்பிக் என்றதும், "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கோ" என்றார். நான்கூட, "நடுக்கமே இல்லையே" என்றேன். தொண்ணூறுகளில் நாங்கள் கண்ட மலேரியா ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு போர்வை போர்த்தும் அடங்காத நடுக்கத்தோடு வரும். பின்னேரமே முடிவு வந்தது: பல்சிபாரம். ஆளைக் கொல்லக்கூடிய வகை. அந்தக் காய்ச்சல் முறை வைத்துத்தான் வரவேண்டும் என்றில்லையாம். இப்போது தேறிவிட்டான். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

தடுப்பு மாத்திரை கொண்டுதான் போனான். கிழமைக்கு ஒன்று. கடைசி மாதம் மறந்து விட்டுவிட்டான், ஊர் வந்தபின் தொடவே இல்லை. அங்கே கடைசி நாளில் நுளம்பு விட்ட கிருமியும் ஒரு கிழமை அளவு ஈரலில் இருந்துவிட்டுத்தான் இரத்தத்துக்கு இறங்கும். அதனால்தான் திரும்பி வந்தும் நாலு கிழமை அதை எடுக்க வேண்டும். மலேரியா தடுப்பு இயக்கம் இந்த மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது. ஆட்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பும் முகவர்கள் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் நாட்டிலேயே நிலைத்திருந்த மலேரியாவின் கடைசி நோயாளியைக் கண்டது 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றும் தந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை. அதனாலேயே இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நுளம்பு போய்விடவில்லை. நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் புது வகை ஒன்றை 2016 முடிவில் மன்னாரில் கண்டுபிடித்தார்கள். வெளியே இருந்து ஒருவர் கொண்டுவரும் கிருமியை அது அடுத்த வீட்டுக்குக் கடத்தலாம். 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 பேருக்கு இருந்த மலேரியா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோரைப் பிடித்த கதை என் வயதுக்காரருக்குத் தெரியும்.

வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சலோடு வரும் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டுக்குப் போனீர்கள், எப்போது வந்தீர்கள்? இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தவர்களிடமும்தான். சில வகை மலேரியா மாதக்கணக்கில் ஈரலில் கிடந்து பிறகும் எழும்பும் என்பதால், வந்து ஆறு மாதமாகிவிட்டதே என்று எவரும் சொல்லாமல் விடக்கூடாது. மாரி தொடங்கியதும் டெங்கு பற்றி நீங்கள் எழுதும் செய்திகளோடு இதையும் இரண்டு வரி சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வவுனியா