நோட்டீசில் இல்லாத விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருவில் போகிற ஆளையெல்லாம் அடையாளம் கண்டு வம்புக்கு இழுப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. மூக்கையூர்ப் பக்கம் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. 61 நாளும் ஆட்கள் ஊரில் இருப்பதால் திருவிழாவுக்குக் கூட்டம் குறைவில்லை. வரி வசூல்தான் குறைவு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மருமகள் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் நம்மூரில் நடந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் நடித்தவர்கள் யார், எங்கே கற்றார்கள், எப்படித் தொழிலுக்கு வந்தார்கள் என்று கேட்டாள் அல்லவா? நாடகம் பேசி முடிக்கிற பொறுப்பை இந்த வருஷம் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்து பேச எனக்கு வசதியாகப் போயிற்று. நோட்டீஸ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை நம்பி அவள் கட்டுரை எழுத வேண்டாம் என்று சொல். படத்துக்குக் கீழே ஊர்ப்பெயர், ஒரு பட்டம், என்ன பார்ட் என்பது மட்டும்தான் இருக்கும். படமும் பழசு. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட்காரர் வேனிலிருந்து இறங்கியதும், ‘முருகனோட அப்பா வந்திருக்காரு’ என்று ஒரு பொடியன் கத்தினான். அவர் சிரித்துக்கொண்டே, ‘அப்பன் சிவன் கைலாசத்துல இருக்காருப்பா, நான்தான் முருகன்’ என்றார்.

உனக்குத் தெரிந்ததுதான், மருமகளுக்காக எழுதுகிறேன். இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் வந்ததே ஆளாளாகத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதால்தான். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். மதுரை, புதுக்கோட்டை என்று அவரவர் நடிகர் சங்கம் வழியாகத் தேதி கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வர வேண்டும். நடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அன்றைக்கு இரவு கொட்டகையில்தான். எங்கள் வள்ளி ராமநாதபுரத்திலிருந்து பஸ் மாறி ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார். தகரப் பெட்டியைத் திறந்து, முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே ஆர்மோனியக்காரரிடம் சுருதி கேட்டு, ‘அண்ணே, எத்தனை கட்டை?’ என்றார். ‘அஞ்சரை வச்சுக்கலாமாத்தா?’ ‘சரி.’ பேச்சு அவ்வளவுதான். பத்து மணிக்குக் கோமாளி வேஷக்காரரான பபூன் மேடை ஏறினார், விடியும்வரை ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை.

ஒத்திகை இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்பதில்தான் மருமகள் கேட்ட பதிலும் இருக்கிறது. பாட்டும் வசனமும் எதிராளியின் பாட்டும் வசனமும் சேர்த்து எல்லோருக்கும் மனப்பாடம். அதை எங்கே மனப்பாடம் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள்.

வள்ளியாக நடித்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய ஆத்தா ஸ்திரீபார்ட், அப்பா மிருதங்கம். கைக்குழந்தையாக மேடைக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் தூங்கியவர். ஐந்தாறு வயதில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக ஏற்றிவிட்டார்களாம். பாம்பு கடித்துச் சாக வேண்டிய காட்சியில் நிஜமாகவே தூங்கிப்போனதைச் சொல்லிச் சிரித்தார். பதினைந்து வயதில் டான்ஸ். பபூனோடு ஆடி, சினிமாப் பாட்டுப் பாடி, சீட்டியடிக்கிற கூட்டத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது அந்த வேலையில். ஸ்திரீபார்ட்டுக்கு வந்தது அப்புறம்தான். ‘டான்ஸ் ஆடும்போது கையைப் பிடிச்சு இழுக்க வந்தவங்ககூட, வள்ளியா நின்னா ஆத்தான்னு கும்பிடுறாங்க, ரெண்டு தடவையும் நிக்கிறது நான்தான்’ என்றார். பஸ்ஸில் வரும்போது யாரிடமும் தொழிலைச் சொல்வதில்லையாம், கேட்டால் கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிடுவாராம். மகள் நர்சிங் படிக்கிறாள். அவளை மேடைப் பக்கமே விடவில்லை.

ராஜபார்ட்காரர் பரம்பரை இல்லை. அவர் ஊரில் பொங்கலுக்கு இளவட்டங்கள் போட்ட சமூக நாடகத்தில் நடித்து, அந்தக் கிறுக்குப் பிடித்து, ஒரு வாத்தியாரிடம் போய்க் கிடந்திருக்கிறார். பாடம் கேட்டதற்குக் கூலி, வாத்தியார் வீட்டு மாடு மேய்த்தது. நாரதராக நடித்தவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் அதனால்தான் அப்படிச் சூடு பிடித்தது. அவர் திருப்புகழை எடுத்துவிட, வள்ளி பள்ளிக்கூடமே ஒழுங்காகப் போகாதவர், குறளை வைத்து மடக்கினார். கடைசி பெஞ்சுக் கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கச்சான் காற்று மைக்கில் உறுமிக்கொண்டே இருந்தது, அதையும் மீறிக் கேட்டது வள்ளியின் குரல்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பபூன்தான். அவர் நம் கடற்கரை ஆள். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவரின் மகன், அவரும் இளவயதில் முங்கியவர். காது அடைத்து ஒரு பக்கம் கேட்காமல் போனதும் கடலை விட்டிருக்கிறார். சீனி வாங்க ரேஷன் கடைக்குப் போனதை ஒரே மூச்சில் பாட்டாக இழுத்தார் பார், மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கேட்காத காதை ஆர்மோனியப் பக்கம் வைத்து நின்றால் சுருதி தப்பிவிடும் என்று, மேடையில் எந்நேரமும் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிறார். நாம் அதைச் சேட்டை என்று நினைத்துச் சிரிக்கிறோம்.

மருமகளுக்குப் பழைய கதையும் வேண்டியிருக்கும். இவர்கள் எல்லோரும் திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டு மேடை ஏறுவது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை நினைத்து. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். நாடகத்துக்கு வருமுன் அவர் பார்த்தது உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை. இதை நான் சொன்னதும், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் நம் பங்காளிக்குத் தலைகால் புரியவில்லை, நாடகம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சனீஸ்வரனாகவும் எமனாகவும் நடித்து ஜனங்களைக் கதிகலங்க வைத்தவர், அப்புறம் வேஷம் கட்டுவதை விட்டு, எழுதுவதும் சொல்லிக் கொடுப்பதுமாக ஆனார். 1918-ல் மதுரையில் அவர் ஆசிரியராக இருந்த பாலர் சபையில்தான் பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் ஆறு வயதுப் பிள்ளையாகச் சேர்ந்தார். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

இந்த மாதிரிப் பையன்களே நடிக்கிற பாய்ஸ் கம்பெனி என்றால் சாப்பாடு, தூக்கம், அடி, பாடம் எல்லாம் ஒரே கூரைக்கடியில். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். குரல் உடைகிற வயது வந்ததும், மகரக்கட்டு என்பார்கள், பல பேருக்குப் பிழைப்பு போய்விடும். கம்பெனியில் கதாநாயகனாகக் கொடிகட்டிய பி.யு. சின்னப்பாவுக்கே அது நேர்ந்தது. அவர் சிலம்பம், குஸ்தி என்று போய்விட்டு, ஸ்பெஷல் நாடகத்தில் நுழைந்து, பிறகு சினிமாவில் பெரிய ஆளானார். கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி. பாட்டுக்குப் பேர்போன நடிகர் கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தது கொழும்பில். அப்போதெல்லாம் நாடகக்காரர்களுக்கு இலங்கை நல்ல சந்தை. நம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. கிட்டப்பா 1933-ல் 27 வயதில் போய்ச் சேர்ந்தார்.

விசுவநாததாஸை மருமகள் விட்டுவிடக் கூடாது. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேஷத்திலேயே வெள்ளைக்காரனைத் திட்டிப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். முடிதிருத்தும் மருத்துவர் சாதி என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் ‘வள்ளி திருமண’ மேடையில், மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. விடியற்காலையில் நம் ராஜபார்ட்காரர் மயிலில் ஏறுமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

டான்ஸில் ஆபாசம் புகுந்ததால் நாடகம் கெட்டது என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் போலீஸில் அனுமதிக்கு எழுதிக் கொடுக்கும்போது ஆபாசம் கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவர்கள்தான், மறுநாள் முன்வரிசையிலிருந்து சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். எனக்குப் படுகிற கஷ்டம் வேறு. பாய்ஸ் கம்பெனி போனபின் வீட்டுத் திண்ணை பள்ளிக்கூடமாக இருந்தது. இப்போது அந்தத் திண்ணைப் பிள்ளைகள் நர்சிங்கும் பாலிடெக்னிக்கும் போகிறார்கள். போகட்டும். பஸ்ஸில் பொய் சொல்லிக்கொண்டு வா என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்த ஆர்மோனியக்காரருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. யார் எந்த இடத்தில் மறந்தாலும் ஒரு கட்டையை அழுத்தி அடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவரிடம் பழக ஒரு பையனும் இல்லை. ‘கீபோர்டு வாசிக்கிறவன் வர்றான், ஆனா அவனுக்கு நாடகம் தெரியலையேப்பா’ என்றார்.

மருமகளை ஆடி முளைப்பாரிக்கு அனுப்பி வை, நம் வீட்டில் தங்கட்டும். பபூன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வள்ளியம்மாவின் தேதிக்குக் கேட்டிருக்கிறேன். பெண்பிள்ளை வந்து உட்கார்ந்தால் எங்களிடம் சொல்லாததையும் அந்த அம்மா சொல்வார். இளவட்டங்கள் ‘அரிச்சந்திரா’ வைக்கலாம் என்கிறார்கள், அம்மா தலைமையில் கிழவிகள் எல்லோரும் ‘வள்ளி திருமணம்’தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். உன் ஓட்டு எதற்கு என்று உடனே எழுது. அப்படியே போன வருஷத் தலைக்கட்டு வரியையும் சேர்த்து அனுப்பிவிடு. பாக்கிப் பட்டியலை இந்தத் தடவை மைக்கில் வாசிப்பது என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது, வாசிக்கப் போவது பபூன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்